எங்கள் குறும்படமும் அதன் சுவரொட்டியும்

சென்ற மாசித் திங்களில் நண்பர் ஐவர் கூடி ஒரு குறும்படம் எடுத்தோம். 11 நிமிடமும் 40 விநாடியும் ஓடும் அப்படத்தை நமது கல்லூரியார் பலர் கண்டிருப்பர். காணாதோரும் அதன் சுவரொட்டியை நூலகப் படிக்கட்டின் அருகே கண்டிருத்தல் கூடும். படத்தின் நலந்தீங்குகளைக் கண்டோர் பேசி முடித்துவிட்டனர். யான் ஈண்டு எழுதப் புகுவது அதனை எடுத்த கதையையும், எடுத்தபின் அதற்கு விளம்பரம் தேடப் புகுந்து யாங்கள் பட்ட பாட்டையுமே. அதிலும் சுவரொட்டியைப் பற்றி எழுதவேண்டிய கடப்பாடு எனக்குத் தனியே உண்டு. அஃது ஏன் என்பது போகப்போக விளங்கும்.

தமிழ் மன்றத்தார் வகுத்த போட்டி விதிகளை முதலிற் கூறிவிடுகிறேன். படம் 12 நிமிடத்திற்கு மேற்படலாகாது. பேச்சு தமிழாக இருத்தல் வேண்டும். படத்தோடு ஒரு சுவரொட்டியும், அரை நிமிட முன்னோட்டமும், ஓர் அழைப்பிதழும் சேர்த்து ஒப்புவித்தல் வேண்டும். இவற்றுக்குத் தனி மதிப்பெண்ணும் தனிப் பரிசும் உண்டு. எங்கள் ஐவருள் இருவர் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர். எங்கள் இருவர்க்கும் கதை சொல்லத் தெரியுமேயன்றிக் கருவியைத் தொடத் தெரியாது. இயற்பியல் பயிலும் நண்பரிடம் நல்லதொரு கைப்பேசி இருந்தமையால் அவர் ஒளிப்பதிவாளர் ஆனார். காட்சித் தொடர்பியல் பயிலும் நண்பர் படத்தொகுப்பையும் சுவரொட்டியையும் ஏற்றுக்கொண்டார். ஐந்தாமவர் பொருளியல் மாணவர். பணப்பை அவர் கையில். தேநீர்க் கணக்கிற் கூட அவர் காட்டிய கண்டிப்பை யாங்கள் மறக்க வேண்டுமாயின் நெடுங்காலம் ஆகும்.

எதனைப் படம் எடுப்பது என்று இரண்டு மாலைகள் வாதிட்டோம். காதற்கதை வேண்டாம் என்பதில் மட்டும் எல்லார்க்கும் ஒருமைப்பாடு. நடிக்க ஒப்பும் பெண்மக்கள் ஒருவரும் கிடைத்திலர் என்பதே அதன் உண்மைக் காரணம். அப்பொழுது யான், "தேரிக்காட்டில் பனையேறும் பெரியவர் ஒருவரை அறிவேன்; அவரது ஒரு நாளை எடுப்போம்" என்றேன். தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியைக் கண்டோர் அறிவர், அச்செம்மணலின் நிறத்தை. அதன் ஓரத்தே பனைகள் வரிசையாய் நிற்கும். நண்பர் அனைவரும் உடனே உடன்பட்டனர். "அப்பெரியவர் உமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒளிப்பதிவு நண்பர் கேட்டார். "எங்கள் ஊர்ப் பெரியவர்" என்றேன்.

அவர் என் தந்தையைப் பெற்ற பாட்டனார்.

அதனை ஏன் மறைத்தேன் என்று கேட்பீராயின், ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லல் வேண்டும். நகரத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தபொழுது, ஒரு பையன் என்னைப் 'பனையேறி' என்று விளித்தான். அச்சொல்லிற் பிழை யாதும் இல்லை. பனை ஏறுவோன் பனையேறி, இலக்கணப்படி காரணப்பெயரே. ஆனால் அவன் அதனைச் சொன்ன ஓசை இலக்கணத்துள் அடங்காதது. அன்று முதல் குடும்பத் தொழில் யாதென்று கேட்டார்க்கெல்லாம் 'கருப்பட்டி வாணிகம்' என்றே சொல்லிவந்தேன். தந்தையார் கருப்பட்டிக் கடை வைத்திருப்பது உண்மையாதலின் அது முழுப்பொய்யும் அன்று. பாதி மெய் எத்துணை வசதியானது என்பதைச் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டேன்.

எம்மவர் தம்மைப் பற்றிப் பிறர் தீட்டும் படத்திற்கு அஞ்சுவதற்குப் பழங்காரணமும் உண்டு. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழுக்கு அழியாத் தொண்டு புரிந்த கால்டுவெல் ஐயரே, 1849-இல் வெளியிட்ட மற்றொரு சிறு நூலில் பனைத்தொழில் செய்து வாழ்ந்த எம் முன்னோரைக் குறித்து எழுதியவை, நெடுங்காலம் அவர்க்கு ஆறாப் புண்ணாய் இருந்தன. அவர் வாழ்ந்த இடையன்குடி எங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லை. ஒப்பிலக்கணத்தை வகுப்பிற் படிக்கும்பொழுதெல்லாம் மற்றைய நூலும் என் நினைவுக்கு வரும். இரண்டையும் எழுதியது ஒரே கை.

பாட்டனாரைப் 'பெரியவர்' என்று மறைப்பது எளிதாகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் முதியோர் எல்லாரையும் இளையோர் 'தாத்தா' என்பர். முதியோர் இளையோர் எல்லாரையும் 'பேரப்பிள்ளை' என்பர். ஆதலால் யான் அவரைத் 'தாத்தா' என்றழைத்தபொழுதும், அவர் என்னை 'என்னலே' என்று விளித்தபொழுதும் நண்பர்கள் ஐயுறவில்லை. முதல்நாள் பேருந்திலிருந்து இறங்கி மணலில் நடக்கையில், "ஊர்ப் பெரியவர் இவர்தாம்" என்று யான் நண்பர்க்குச் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். பின், "வாங்க தம்பிகளா, பதநீர் குடிங்க" என்று ஓலைப்பட்டையைக் கோலி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். எனக்குத் தந்தது கடைசியில்.

இனிப் படப்பிடிப்பைச் சொல்கிறேன். பாட்டனார்க்கு அகவை 70. முன்னாளில் நாளொன்றுக்கு 40 பனைகள் ஏறியவர். இப்பொழுது என் சிற்றப்பாவின் கண்டிப்பால் ஆறு பனைகளோடு நிறுத்திக்கொண்டார். காலிற் தளைநார், இடுப்பில் அரிவாட்பெட்டி, அதனுள் பாளை அரிவாள், பாளையை நெருக்கும் கடிப்பு, தோளோரத்திற் பதநீர் வார்க்கும் குடுவை, இவற்றோடு அவர் மரத்தை அணைத்து ஏறும்பொழுது, ஏறுகின்றார் என்றே தோன்றாது. மரம் அவரை மெல்ல மேலே கொண்டுசெல்வது போல் இருக்கும். காலையிலும் மாலையிலும் ஏறுவார். ஏறும்போதெல்லாம் பாளையின் நுனியை மெல்லியதாய்ச் சீவி, கலயத்தை மாற்றிக் கட்டுவார்.

முதல் நாள் அவர் ஏறி இறங்கியதும் ஒளிப்பதிவு நண்பர், "ஐயா, இன்னும் ஒருமுறை ஏறினால் நலம், கை சற்று ஆடிவிட்டது" என்றார். பாட்டனார் சிரித்தார். "பாளையைச் சீவியாச்சு. இனி மேல போயி அங்க எனக்கு என்ன சோலி?" என்றார். எத்துணை வேண்டியும் இணங்கவில்லை. வேலையில்லாமல் மரமேறுதலை அவர் ஒருவகை அவமதிப்பாகவே கருதினார் போலும்; மரத்திற்கோ தமக்கோ என்று யான் கேட்கவில்லை. ஒரு நாளில் முடிப்போம் என்று நினைத்த படப்பிடிப்பு இவ்வாறே நான்கு சனிக்கிழமைகளாயிற்று. பொருளியல் நண்பர் பேருந்துக் கட்டணத்தைக் கூட்டிக் கூட்டிப் பெருமூச்செறிந்தார். ஆயினும் பயன் ஒன்று விளைந்தது. இரண்டாம் முறை கிடையாது என்று தெரிந்தபின் கருவியைப் பிடித்தவர் கை ஆடவில்லை.

கை அடங்கியது, காற்றும் வானமும் அடங்கவில்லை. பனங்காட்டில் ஓலைகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஓசை காதுக்கு இனிது; ஒலிவாங்கிக்கோ அது பெருமழை. சட்டையிற் செருகும் சிறு ஒலிவாங்கியைப் பஞ்சால் மூடியும் பயனின்றிப்போகவே, பேச்சை மட்டும் விடிலிக்குள் இருந்து தனியே பதிந்துகொண்டோம். விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக்குடில். நகரத்து அன்பர்கள் பொருட்டுச் சொல்லிவைக்கிறேன். வானத்தின் தொல்லை இன்னும் பெரிது. உச்சியில் இருப்பவரைக் கீழிருந்து நோக்கின் அவர்க்குப் பின்னே இருப்பது முழுதும் வெயில் வானம். வானத்திற்கு ஏற்பக் கருவியின் ஒளியைக் குறைத்தால் மனிதர் கரிய நிழலாகிவிடுவார். மனிதர்க்கு ஏற்பக் கூட்டினால் வானம் வெள்ளைச் சுவராகிவிடும். நண்பர் வானத்தையே தேர்ந்தார். மரத்தின் மேலுள்ள காட்சிகள் எல்லாவற்றிலும் பாட்டனார் முகமில்லாத கரிய உருவமாகவே அமைந்தார். அதனைக் குறையென்று நண்பர் வருந்தினார். யான் வருந்தவில்லை. உள்ளபடி சொன்னால், மகிழ்ந்தேன்.

தொகுக்கும்பொழுது படம் 14 நிமிடத்திற்கு மேற்பட்டது. ஒவ்வொரு காட்சியாய்க் கத்தரித்தோம். விடிலி வாயிலிற் குந்தியிருந்து கலயங்களுக்குள் பாட்டனார் சுண்ணாம்பு தடவும் காட்சி 40 விநாடி; "இது மிக மெதுவாகச் செல்கிறது" என்று சொல்லி அதனை நீக்கச் செய்தவன் யானே.

பெயரிடுதலில் ஒரு பெரும்போர். தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்தார். அவ்வகையிற் பனை மரமன்று, புல்லாகும். வகுப்பிற் கற்ற இச்செய்தியின் மயக்கத்தால் படத்திற்குப் 'புறக்காழ்' என்று பெயரிட்டேன். தொகுப்பு நண்பர், "இதனைப் படிப்பவர் ஒரு மருந்தின் பெயர் என்றல்லவோ எண்ணுவர்?" என்றார். அவர் தந்த பெயர் 'கடைசிப் பனையேறி'. அதனைக் கேட்டதும் என் செவி சுட்டது. எனினும் காரணம் சொல்ல முடியாமல், "அவர் கடைசி அல்லர், அவ்வூரில் இன்னும் பலர் ஏறுகின்றனர்" என்று மட்டும் வாதித்து வென்றேன். பனை புல் என்பதைப் பாட்டனாரிடம் சொன்னபோது, "அப்படியா? புல்லுன்னா மாட்ட அவுத்துவிடு, ஏறி மேயட்டும்" என்றார்.

அழைப்பிதழை ஓலையில் எழுதுவோம் என்றது என் வகுப்பு நண்பரின் எண்ணம். பனையைப் பற்றிய படத்திற்குப் பனையோலை அழைப்பு, பொருத்தம் நன்றே. குருத்தோலை ஞாயிற்றுக்கு ஆண்டுதோறும் ஊர்க்கோயிலுக்கு ஓலை வெட்டித் தருபவர் பாட்டனாராதலின், எங்களுக்கும் வெட்டித் தந்தார். 40 நறுக்குகள் செய்து ஆணிமுனையால் எழுதப் புகுந்தோம். புள்ளியிட்ட இடந்தோறும் ஓலை துளைபட்டது. துளை வழியே நரம்பு பிளந்தது. பழஞ்சுவடிகளிற் புள்ளியின்றி எழுதியிருப்பதைக் குறித்து முன்னோரைக் குறைகூறி நகைத்த நாள்கள் எங்கள் நினைவுக்கு வந்தன. மூன்று மணி நேரம் ஆணி பிடித்தவன் அவர்களைக் குறைகூற மாட்டான். புள்ளி நீக்கி எழுதிக் கரி தடவி முடித்தோம். ஆனால் ஓலையை அவித்து உலர்த்திப் பதப்படுத்துதல் வேண்டும் என்பதை மறந்தோம். இரண்டு நாளில் 40 அழைப்புகளும் சுருண்டுவிட்டன. முதல்வர் அவர்களிடம் கொடுத்த ஓலை அவர் மேசைமேல் ஒரு சிறு குழலாய்க் கிடந்ததை அலுவலகப் பணியாளர் எங்களுக்கு அறிவித்தார்.

முன்னோட்டத்தில் நேர்ந்தது நகைக்கத்தக்கதன்று. அரை நிமிடத்தில் காண்போரை ஈர்க்கவேண்டுமாதலால், தொகுப்பு நண்பர் பறையோசை சேர்த்து, கரிய திரையில் 'ஒரு மரம்', 'ஒரு மனிதர்', 'ஒரு மரணம்?' என்று மூன்று தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாய் வரச்செய்தார். படத்தில் ஒருவரும் இறப்பதில்லை. "வினாக்குறி இருக்கிறதே, பொய்யாகாது" என்றார் அவர். கைப்பேசிகளில் அது விரைந்து பரவிற்று, யானும் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு என் சிற்றப்பா அழைத்தார். ஊர்ப்பிள்ளைகள் யாரோ முன்னோட்டத்தைப் பாட்டனாரிடம் காட்டினராம். அவர் முழுதும் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டாராம். அன்று இரவு உண்ணவில்லையாம்.

பாட்டனாரின் தம்பி ஒருவர் இளமையிற் பனையிலிருந்து விழுந்து இறந்தார். இதனை யான் அறியாதவன் அல்லன். வீட்டுக்கூடத்தில் அவர் படம் தொங்குகிறது. கிறிஸ்துமஸ் தோறும் அதற்குப் பாட்டனாரே பூவைப்பார். அறிந்திருந்தும் அந்த மூன்றாம் தொடரைக் கண்டபொழுது எனக்கு அந்நினைவு எழவில்லை என்பதுதான் இன்றளவும் என்னை வருத்துவது. பனையேறும் குடியிற் பிறந்தவன் என்பதை நண்பர்க்கு மறைக்கப்போய், எனக்கே மறைத்துக்கொண்டேன் போலும். மறுநாளே அத்தொடரை நீக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். "ஊரில் விரும்பவில்லை" என்றேன். அப்பொழுதும் பாதி மெய்யே.

சுவரொட்டி அணியமாயிற்று. செவ்வானம்; நடுவே நெடும்பனை; அதன்மேல் கரிய உருவம்; கீழே பெரிய எழுத்தில் 'புறக்காழ்'. அழகிற் குறை சொல்ல இயலாது. நடித்தவர் பெயருள்ள இடத்தில் 'தேரிக்காட்டுப் பெரியவர்' என்றிருந்தது. சிற்றப்பாவின் அழைப்பிற்குப் பின் நேரிற் சென்று பாட்டனாரைப் பார்த்து வரவேண்டும் என்று தோன்றவே, அச்சிட்ட சுவரொட்டி ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தனியே ஊர் சென்றேன்.

முன்னோட்டத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுவரொட்டியை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, தம் சிறுவயதிற் சினிமா வண்டி வந்த கதையைத் தொடங்கினார். டூரிங் கொட்டகையிற் புதுப்படம் மாறும் நாளில், இருபுறமும் தட்டியில் படம் ஒட்டிய மாட்டுவண்டி கொட்டு முழக்கத்தோடு ஊருக்குள் வருமாம். வண்டியிலிருந்து வீசும் சிவப்பும் பச்சையுமான நோட்டீசுகளைப் பொறுக்கப் பிள்ளைகள் மணலில் ஓடுவராம். கதையைப் பாதி சொல்லி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருக்குமாம். "அதுல நடிச்சவன் மூஞ்சி இம்மாம் பெரிசா இருக்கும்லே" என்று இரு கைகளையும் விரித்துக் காட்டினார். பின் சுவரொட்டியிலுள்ள கரிய உருவத்தின்மேல் விரலை வைத்தார்.

"இதுல என் மூஞ்சியக் காணலியே?"

வானத்தின் ஒளி, கருவியின் இயல்பு என்று ஏதோ சொன்னேன். அவர் பொறுமையாய்க் கேட்டார். "சரிதான்" என்றார். "பேரும் இல்ல போல." அவர் எழுத்துக்கூட்டிப் படிக்க வல்லவர் என்பதை அந்நேரத்தில் மறந்திருந்தேன். மேலும் ஒன்றும் கேளாமல் எழுந்து அரிவாட்பெட்டியைக் கட்டிக்கொண்டு மாலைப்பனைக்குப் போய்விட்டார். யான் விடிலி வாயிலில் அமர்ந்திருந்தேன். தலைக்கு மேல் பாளை சீவும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிரவே விடுதிக்குத் திரும்பினேன். நால்வரும் அறையில் இருந்தனர். "அவர் என் தாத்தா" என்றேன். "தாத்தா என்றுதானே அழைக்கிறீர்" என்றார் பொருளியல் நண்பர். "இல்லை, என் அப்பாவின் அப்பா" என்று விளக்கவேண்டியதாயிற்று. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. யான் எதிர்பார்த்த ஏளனம் வரவில்லை. எதிர்பாராத சினம் வந்தது. "நான்கு சனிக்கிழமை உம் வீட்டுப் பதநீரைக் குடித்தோம், எங்களை என்னவென்று நினைத்தீர்?" என்று ஒளிப்பதிவு நண்பர் கேட்டார். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் சினத்தில் நேர்மை இருந்தது. நண்பரும் பள்ளியில் அந்தப் பையனைப் போலவே சொல்வர் என்று நான் தீர்மானித்துவைத்திருந்தேன் அல்லவா?

மூன்றாம் நாள் அவரே, பதிவில் ஒதுக்கிவைத்திருந்த ஒரு காட்சியைத் தேடி எடுத்தார். விடிலிக்குள் அடுப்பின் முன்னே பாட்டனார் அமர்ந்து பதநீர் பொங்காமல் துழாவுகின்றார். தீயின் ஒளி ஒருபுறமாய் முகத்தில் விழுகின்றது. சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகின்றது. அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் புதிய சுவரொட்டி செய்தார்கள். தாளின் பெரும்பகுதி முகமே. கீழே பாட்டனாரின் முழுப்பெயர். அதன்கீழ், எழுதி இயக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். அதனோடு 'அவர்தம் பேரன்' என்ற இரு சொற்கள். முதற்சுவரொட்டியின் 25 பிரதிகளும் வீணாயின. பணப்பை நண்பர் அதற்கு ஒன்றும் சொல்லாதது அவர் வாழ்விற் செய்த பெரும்ஈகை.

படம் காட்டிய நாளில் பாட்டனார் வெள்ளைச் சட்டையும் புதுவேட்டியும் அணிந்து சிற்றப்பாவுடன் வந்தார். வாயிலில் நின்ற பேராசிரியர் ஒருவர் சுவரொட்டியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்து, "இவர்தாமோ?" என்றார். "ஆம் ஐயா, என் தாத்தா" என்றேன். பாட்டனார் என்னைப் பாராமல் சுவரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியபொழுது அவர் முகத்தையே கவனித்தேன். தம் கால் தளைநாரில் ஊன்றும் காட்சியில் அவரது கால் தரையில் அசைந்தது. முடிந்ததும் கைதட்டினர். அவரும் மற்றவர் தட்டுவதைப் பார்த்துவிட்டுத் தட்டினார். படத்திற்குப் பரிசில்லை, சுவரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வெளியே வந்து தேநீர் அருந்துகையில், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எல்லாம் சரிதான்லே. கலயத்துல சுண்ணாம்பு தடவுறதக் காட்டவே இல்லியே. சுண்ணாம்பு இல்லன்னா அது கள்ளுல்லா? பாக்கவன் என்னையக் கள்ளு எறக்குறவன்னு நெனைக்க மாட்டானா? நாளைக்கு நான் கோயிலுக்குப் போவண்டாமா?"

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் சாறு புளித்துவிடும் என்பதையும், கள் இறக்குதல் தமிழ்நாட்டிற் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதையும் அறியாதவனல்லன் யான். காட்சி மெதுவாகச் செல்கிறது என்று நீக்கியவன் நான் என்பதை அவரிடம் சொன்னேன். "மெதுவாத்தாம்லே தடவணும்" என்றார். பின்னர் மீந்திருந்த சுவரொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாலைப்பனைக்கு நேரமாயிற்றென்று பேருந்து ஏறிவிட்டார்.

அந்த 40 விநாடியை மறுவாரமே படத்திற் சேர்த்துவிட்டோம். இப்பொழுது அது 12 நிமிடமும் 20 விநாடியும் ஓடுகின்றது. எந்தப் போட்டிக்கும் ஆகாது. காண விரும்பும் அன்பர்கள் விடுதியில் எங்கள் அறைக்கு வந்தால் காட்டுவோம்.